எஸ்தர் வைக்காத முத்திரை

செய்தி வந்தபோது நான் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு கடையில் நின்றபடி பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய பட்டறை ஆட்களின் வாட்ஸப் குழுவில் முருகன் எழுதியிருந்தார்: "நம்ம லேப் எஸ்தர் அக்கா தவறிட்டாங்க. கம்பெனி பஸ்ல வூட்டுக்கு வரும்போது மயங்கி விழுந்துட்டாங்களாம். மூளையில ரத்தக் கசிவு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்து, இன்னிக்குக் காலையில..." அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அதற்கு நிம்மதி என்று பெயர் என்பதுகூட உடனே தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டுக் கை கழுவும்போதுதான், நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருப்பதை உணர்ந்தேன். ஏன் இறங்கியது என்று யோசித்தேன். புரிந்ததும் குழாயைக்கூட மூடாமல் நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர் "அண்ணே, தண்ணி போகுது" என்றார்.

பென்னலூரில் அவர் வீட்டுக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். எஸ்தருக்கு நாற்பத்தொரு வயது. பெட்டியில் வெள்ளைச் சேலையில் கிடந்தார். அவர் கணவர் தேவராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சாருக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "லேப்ல அவளுக்கு மேல இருந்த சார்" என்று சொன்னார். வெயிலில் வயதானவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

ஜெபம் முடிந்ததும், கூட வேலை செய்தவர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று பாஸ்டர் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து பேசினேன். "எஸ்தர் மிகவும் நேர்மையானவர்" என்றேன். எதிரில் நின்ற முருகன் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதித் தாருங்கள் என்று தேவராஜ் கேட்டார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எஸ்தரை அறிந்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்பதால்தான் இப்படி எழுதுகிறேன்.

பட்டறையைப் பார்த்திராத அவருடைய உறவினர்களுக்காக எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் பெரிய கார் கம்பெனிகளுக்குப் பித்தளை உதிரிபாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்திக் கொடுக்கும் சின்ன பட்டறை அது. இருபது பேர் இருந்தோம். கூடவே ஒரு தனி வேலையும் வந்தது. உரிமம் பெற்ற ஒரு ஒப்பந்தக்காரர், துப்பாக்கி சுடும் மன்றங்களில் சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூடுகளைச் சேகரித்துக் கழுவி எங்களிடம் அனுப்புவார். நாங்கள் பதப்படுத்திக் கொடுத்தால், அவர் வேறு இடத்தில் வெடிமருந்து நிரப்பிப் போட்டியாளர்களுக்கே திருப்பித் தருவார். எங்கள் ஷெட்டுக்குள் மருந்து வந்ததே இல்லை. வந்தது வெறும் பித்தளைதான். ஆனாலும் டீக்கடையில் எங்களுக்குத் தோட்டாக் கம்பெனி என்றுதான் பெயர்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைத்த இடம் விறைத்து ஒடியும். தோட்டாக் கூட்டின் கழுத்துக்கும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் உப்புகிறது. பிறகு அதை அச்சில் அழுத்தி இறுக்குகிறார்கள். சில தடவையில் கழுத்து விறைத்துக் கீறிவிடும். கழுத்தை மட்டும் சில விநாடி தீயில் காட்டினால் மறுபடியும் இளகும். இதைத்தான் அனீலிங் என்கிறோம். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. சூடு கழுத்தோடு நிற்க வேண்டும். கூட்டின் அடிப்பாகம்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறது. அது இளகக் கூடாது.

எஸ்தர் இதையே தன் மொழியில் சொல்வார். "கழுத்து எளகணும், அடி எறுகி இருக்கணும். ரெண்டும் எளகிப் போச்சுன்னா அது தோட்டா இல்ல சார், தகர டப்பா."

அவர் பாலிடெக்னிக்கில் உலோகவியல் டிப்ளமோ படித்தவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் சரி என்று அனுப்பிய ஒரு கூடைக் கூடுகளைத் திரும்ப எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். சூடுபட்ட இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை அழகாக இருந்தால் நல்ல வேலை என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

"பட்டை நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் கீது. கழுத்து இன்னும் எளகல. நாலு கூட்ட அறுத்துப் பாத்துட்டேன்."

"நாலையும் அறுத்துட்டியா?"

"அறுக்காம எப்படி சார் தெரியும்? கலர் கண்ணுக்குத்தான் நல்லா இருக்கும். உள்ள இன்னா இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது சரி. கூட்டை நீளவாக்கில் அறுத்து, பிசினில் பதித்து, கண்ணாடிபோல் தேய்த்து, ஒரு சின்ன வைர முனையை அழுத்தி, விழுந்த பள்ளத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்தால்தான் கடினம் எண்ணாகத் தெரியும். முக்கால் மணி நேர வேலை. அதற்கு அவர் ஒருநாளும் சலித்ததில்லை. முதலாளியிடம் "நல்ல பொண்ணா எடுத்திருக்கோம்" என்று சொன்னேன். சொல்லும்போதே உள்ளே எங்கோ சுருக்கென்றது. இருபது வருடமாகக் கலரைப் பார்த்து வேலை செய்தவன் நான்.

எஸ்தரைச் சாந்தமானவர் என்று யாராவது இந்தப் புத்தகத்தில் எழுதினால் நம்பாதீர்கள். லேப் ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார், கேட்டால் சண்டைக்கு வருவார். மற்றவர்கள் டப்பாவிலிருந்து ஊறுகாயைச் சொல்லாமலே எடுப்பார். 'மேடம்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வேலை செய்யும்போது ஞானப்பாட்டு முணுமுணுப்பார். சுருதி சேராது. அதைச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவார்.

தீ இயந்திரத்தை ஓட்டியவர் முருகன். ஒரு வட்டத் தட்டில் கூடுகள் நின்று சுழன்றபடி கேஸ் தீயைக் கடந்து போகும். ஷெட்டின் பெரிய கதவு வழியே வெளிச்சம் கொட்டும். பித்தளை மங்கலாகச் சிவக்கும் கணம் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் எஸ்தர் லாரித் தார்ப்பாய் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, முருகன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இயந்திரத்தைச் சுற்றிக் கட்டினார்.

"இன்னாக்கா இது, சினிமாக் கொட்டாயா?"

"ஆமா, உள்ள போய்ப் படம் பாரு. செவக்குதா இல்லியான்னு இப்பத் தெரியும்."

முருகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியுதுக்கா" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தார்ப்பாயை யாரும் அவிழ்க்கவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை. அதற்கு முந்தைய நாள் அதே இயந்திரத்தில் வேறொரு உதிரிபாகம் ஓடியிருந்தது. திரும்பவும் தோட்டாக் கூட்டுக்கு மாற்றியபோது, தீக்குழாய்க்கு அடியில் வைக்க வேண்டிய ஒரு வளையம் விட்டுப்போனது. குழாய் விரல் பருமன் இறங்கிவிட்டது. அதனால் தீ கழுத்தோடு நிற்காமல் கூட்டின் முழு உடம்பையும் தழுவியது. பாதி ஷிஃப்ட் அப்படியே ஓடிய பிறகு முருகன் கவனித்து வளையத்தைப் போட்டார். அதற்குள் முன்னால் ஓடியதும் பின்னால் ஓடியதும் பெரிய தொட்டிகளில் ஓரளவு கலந்துவிட்டன.

எஸ்தர் ஆறு கூடுகளை அறுத்தார். நான்கில் அடி இளகியிருந்தது. நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டிய கடினம் ஒன்றில் தொண்ணூற்று நான்கு. அதைச் சிவப்பு மையில் பதிவேட்டில் எழுதி என்னிடம் கொண்டுவந்தார்.

"மொத்தத்தையும் கழிச்சிடணும் சார்."

"மொத்தத்தையுமா? வேன் வந்து வாசல்ல நிக்குது. மூணு நாள்ல மாநிலப் போட்டி. முதலாளி ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு."

"நிக்கட்டும் சார். கலந்து போச்சு. எது நல்லது, எது கெட்டதுன்னு கண்ணால பிரிக்க முடியாது. இது பொண்ணு புள்ளைங்க கன்னத்துல வெச்சு சுடுற சாமான்."

"மேல இருக்கறதுல இன்னும் ரெண்டு மூணு அறுத்துப் பாரேன்."

"மேல இருக்கறது வளையம் போட்ட அப்புறம் ஓடுனது சார். அது நல்லாத்தான் வரும். அது உங்களுக்கும் தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் அன்று இல்லை.

அவர் சாப்பிடப் போனார். லேப் சாவி என்னிடம் இருந்தது. மேலாக இருந்தவற்றில் மூன்றை எடுத்து நானே அறுத்துச் சோதித்தேன். மூன்றும் சரியாக வந்தன. அவருடைய சிவப்பு எழுத்துக்குக் கீழே, 'மறு மாதிரி எடுத்துச் சோதிக்கப்பட்டது, சரி' என்று எழுதினேன். அவசரத்தில் கையெழுத்து போடவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொருள் வெளியே போக ஆய்வு முத்திரை வேண்டும். எங்கள் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட வட்ட முத்திரை உண்டு. எஸ்தருடையது ஏழு. என்னுடையது மூன்று. அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து ஏழாம் எண்ணை எடுத்து, பெட்டிகளோடு போகும் ஆய்வு அட்டைகள் எல்லாவற்றிலும் குத்தினேன்.

என்னுடைய முத்திரை என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதுவே போதும், என் பதவிக்கு அதில் தடை இல்லை. ஆனாலும், ஏதாவது ஆனால் பழி என்மேல் வரக்கூடாது என்று, நான் அவருடையதை எடுத்தேன். இத்தனை வருடங்களாக இதற்கு வேறொரு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

எஸ்தர் திரும்பி வந்தபோது வேன் போயிருந்தது. "கழிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். "பேசிக்கலாம்" என்றேன்.

போட்டிக்கு முந்தைய பயிற்சியில் ஒரு கூடு அடியில் கிழிந்தது. சுட்டுக்கொண்டிருந்தவள் நிவேதா என்ற பதினெட்டு வயதுப் பெண். துப்பாக்கியின் பின்பக்கமாகப் பீறிட்ட சூடான வாயு வலது கன்னத்தைப் பொசுக்கியது. பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்து இடைவெளி வழியாக ஒரு பித்தளைத் துணுக்கு கண்ணுக்குள் போனது. மீதியிருந்த தோட்டாக்களை ஒப்பந்தக்காரர் உடனே திரும்பப் பெற்று அழித்தார். மருந்தில் குறையில்லை என்று உறுதியானது. பிறகு கேள்வி எங்களிடம் வந்தது.

முதலாளி அறையில் ஆறு பேர் இருந்தோம். முதலாளி, ஒப்பந்தக்காரர், மன்றத்திலிருந்து வந்த ஒருவர், முருகன், எஸ்தர், நான். மேசையில் அந்த அட்டை இருந்தது.

"ஏழாம் நம்பர் யாருது?" என்றார் முதலாளி.

"என்னுதுதான் சார். ஆனா நான் வெக்கல" என்றார் எஸ்தர்.

"அப்ப யார் வெச்சது?"

எஸ்தர் என் பக்கம் திரும்பினார். "நான் சாப்பிடப் போயிருந்தேன். லேப் சாவி சம்பத் சார்கிட்ட இருந்தது. நான் சிவப்புல எழுதுனதுக்குக் கீழ அவர் எழுதியிருக்காரு. அவரைக் கேளுங்க."

முதலாளி கேட்டார். நான் இல்லை என்றேன். அதோடு நின்றிருந்தால் அது ஒரு பொய் மட்டும்தான். நான் மேலும் பேசினேன். "மறு மாதிரி எடுத்தேன், அது சரியா வந்துச்சு, அது உண்மை. அப்புறம் அவங்களே வெச்சிருப்பாங்க. அன்னிக்கு வேலை ஜாஸ்தி. மறந்துபோய்ச் சொல்றாங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க சார். நல்ல பொண்ணு."

அவருக்குப் பரிந்து பேசுவதுபோலப் பேசினேன். அறையில் இருந்தவர்களுக்கு என்மேல் மரியாதை கூடியது. அதை அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

"மறந்து போயா?" என்றார் எஸ்தர். "நானா சார்?"

அவ்வளவுதான் கேட்டார். நான் மேசையில் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகன் அன்று சாப்பாட்டு நேரத்தில் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று நான் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது அவர் இல்லை, நான்.

ஆய்வாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். சொந்தக் காரணத்தால் விலகுவதாக எழுதிக் கொடுக்கும்படி எஸ்தரிடம் சொன்னார்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளில், 'நான் வைக்காத முத்திரைக்காக என்னை அனுப்புகிறார்கள்' என்று எழுதி, தேதியும் போட்டு, முதலாளி மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதலாளி அதை என்னிடம் நீட்டி ஃபைலில் வைக்கச் சொன்னார். அது எந்த ஃபைலுக்கும் போகவில்லை. சின்னச் சின்னதாகக் கிழித்தேன்.

அனுபவச் சான்று கேட்டு அவர் இரண்டு முறை கேட் வரை வந்தார். செக்யூரிட்டி எனக்கு போன் போட்டு, "எஸ்தர் அக்கா வந்திருக்காங்க, உள்ள விடட்டுமா?" என்று கேட்டார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றேன். மீட்டிங் எதுவும் இல்லை. இரண்டாவது முறை அவர் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சான்று இல்லாமல் எந்த லேப்பிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்து, அசெம்ப்ளி லைனில் நின்று சின்னச் சின்ன ஸ்க்ரூக்களை முடுக்கினார். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பள்ளத்தைப் பார்த்தே எண்ணை ஏறக்குறையச் சொல்லிவிடக்கூடிய கண் அவருடையது.

ஒரே ஒருமுறை அவரை நேரில் சந்தித்தேன். அது நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் பைக்குக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபார்ம் போட்ட பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் எஸ்தர் இருந்தார். ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேன். நீ?"

"காலு வலிக்குது. எட்டு மணி நேரம் நிக்கணும்." சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்தப் பொண்ணப் போய்ப் பாத்தீங்களா?"

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். கேட்ட அந்தக் கணமே என்னை நானே வெறுத்தேன்.

"நிவேதா. நான் போய்ட்டு வந்துகினுதான் கீறேன். பாவம், அந்தக் கண்ணுல நெழலு மாதிரிதான் தெரியுது. துப்பாக்கியே விட்டுட்டா. நீங்க ஒருதரம் போங்க சார். எனக்கு ஒண்ணும் வாணாம். அவகிட்ட போங்க."

"பாக்கறேன்" என்றேன்.

"பாக்கறேன்னு சொல்லாதீங்க" என்றார் அவர். "போறேன்னு சொல்லுங்க, இல்ல போவலன்னு சொல்லுங்க."

நான் பைக்கைக் கிளப்பினேன். எங்காவது இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "உங்க வண்டியில நானா?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு சுங்குவார்சத்திரம் வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன். சுற்றிப்போக இன்னும் பத்து நிமிடம் ஆகும். ஆறு வருடம் சுற்றியே போனேன்.

அடக்கம் முடிந்த ஒரு வாரத்துக்குள் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதி முடித்தேன். அவருடைய ஃபேன் சண்டை, ஊறுகாய், தார்ப்பாய் எல்லாம் அதில் இருந்தன. படிக்க நன்றாகவே இருந்தது. அதைக் கொடுக்கத்தான் பென்னலூருக்குப் போனேன். தேவராஜ் வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதையும் படித்தார், மடித்து என்னிடமே தந்தார்.

"நல்லா எழுதிருக்கீங்க சார்" என்றார். பிறகு, "அந்த விஷயம் இல்லியே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்லிட்டா. ராவெல்லாம் தூங்கல. நான் உங்க வூட்டுக்கு வந்து ஒரு வழி பண்றேன்னு கெளம்புனேன். அவதான் சட்டையைப் புடிச்சு உக்கார வெச்சா. நீ போனா அடிச்சதுக்கு ஒரு கேசு, அது மட்டும்தான் மிச்சம்னா."

"அப்புறம் ஏன் அன்னிக்கு என்னை எல்லார் முன்னாடியும் உக்கார வெச்சீங்க?"

தேவராஜ் வாளியை எடுத்தார். "சாவு வூட்டுக்கு வந்தவரை நிக்கவா வெப்பாங்க?" என்றார்.

அவர் வாளியில் இருந்த மீதித் தண்ணீரை ஸ்கூட்டர் மேல் ஊற்றினார். "அவளைப் பெத்தவங்க ரெண்டு பேரும் இருக்காங்க சார். மக வேலையில தப்புப் பண்ணிட்டா, அதான் அனுப்பிட்டாங்கன்னு நெனைச்சுகினுதான் இன்னும் கீறாங்க. அவ சொன்னா, நம்பல. பெரிய கம்பெனிக்காரங்க பொய் எழுதுவாங்களான்னாங்க. நீங்க எழுதிக் குடுங்க. ஒரு வார்த்தை கொறைக்காம போடறேன்."

எஸ்தரின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்கிறேன். உங்கள் மகள் தவறு செய்யவில்லை. தவறு நடந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். அவர் சொன்னதை அழித்தவனும், அவர் பெயரில் முத்திரை குத்தியவனும், அவரைப் பொய்யர் ஆக்கியவனும் நான். அந்தப் பட்டறையில் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரே ஆள் அவர். முதலாளிக்கும் மன்றத்துக்கும் இதையே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். இனி அவர்கள் என்ன செய்தாலும் அது எனக்குரியதுதான்.

தேவராஜைப் பார்த்துவிட்டு நேராக நிவேதா வீட்டுக்குப் போனேன். விலாசம் அவர்தான் தந்தார். நிவேதா இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கன்னத்தில் தோல் சற்று இழுத்த மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. பேசும்போது முகத்தைக் கொஞ்சம் சாய்த்து இடது கண்ணால் பார்க்கிறார். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

அவர் கதவைப் பிடித்தபடி கேட்டார். முடித்ததும், "நீங்கதானா?" என்றார். அதில் ஆச்சரியம் இல்லை.

"எஸ்தர் என் பேரைச் சொன்னாங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே இது எப்படி நடந்துச்சுன்னு முழுசாச் சொன்னாங்க. வளையம், தீ, எல்லாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் எடுத்துட்டு வருவாங்க. உங்க கம்பெனியில இருந்து வந்தது அவங்க ஒருத்தர்தான். முத்திரை வெச்சது யாருன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"'அங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன், யாரும் நம்பல. இனிமே அவர் வாயால வந்தாத்தான் உண்டு. வருவாரு, ரொம்பக் கெட்டவர் இல்ல'ன்னாங்க. போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப அவங்களே கேட்டாங்க, 'இன்னும் வரலியா?'ன்னு."

நிவேதா என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இறந்தவர்களிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டோம் என்று கடைசியில் எழுதுவது வழக்கம். எஸ்தரிடமிருந்து எதையும் கற்றுக்கொண்டேன் என்று எழுத எனக்குத் தகுதியில்லை. கற்றிருந்தால் அவர் உயிரோடு இருந்தபோதே தெரிந்திருக்கும். அவர் என்னிடம் விட்டுப்போனது, ரொம்பக் கெட்டவர் இல்லை என்ற அந்த ஒரு சொல் மட்டும்தான். எந்த ஆதாரமும் இல்லாமல் அதை எனக்குக் கொடுத்து, எட்டு வருடம் காத்திருந்தார். அவர் எதிர்பார்த்த ஆள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.